தப்பைச் சொன்னால் நட்சத்திரம்

“புரிஞ்சுதா?”

“ஆமா மிஸ்!”

“ஒண்ணுமே புரியலையா?”

“ஆமா மிஸ்!” என்று நாலாம் வகுப்பு ஒரே ராகத்தில் பாடியது.

திப்டூர் பக்கத்துப் பள்ளிக்குப் புதிதாக வந்த வினுதா டீச்சர் இதற்கு மருந்து தேடாத நாளில்லை. வட்டார அதிகாரி வந்து வகுப்பைப் பார்த்து, நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் வேலை நிரந்தரம்.

அவளுக்கு ஒரே துணை போனில் இருந்த புது ஆசிரியர் குழு. அங்கே போய்ப் புலம்பினாள்.

“போர்டுல வேணும்னே தப்பா எழுதுங்க. பிள்ளைங்களே திருத்தும்” என்றார் ஒருவர்.

ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதினாள். வகுப்பே பயபக்தியோடு அப்படியே எழுதிக்கொண்டது.

“தப்பைச் சொன்னா நட்சத்திரம் ஒட்டுங்க” என்றார் இன்னொருவர்.

ஒட்டினாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையாகிவிட்டது.

“மிஸ், கோடு கோணல்!”

“மிஸ், உங்க ஜடையும் கோணல்!”

அதிகாரி வரும் நாளும் வந்தது. கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் ஒரு பெண்மணி வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மளமளவென்று எழுத ஆரம்பித்தார்.

“மேடம், செருப்பை வெளிய விடணும்!” என்றது ஒரு குரல்.

“மேடம், பேனாவைக் கடிக்கக் கூடாது!”

அவர் முகம் சிவந்தது. அந்த நேரம் பார்த்து மின்விசிறியும் கிறீச்சிட்டது. நல்லவேளையாக வாசலில் கசங்கிய சட்டையும் தோள்பையுமாக ஒருவர் வந்து நின்றார்.

“நான் வந்து…”

“வந்ததே லேட்டு! அதிகாரி மேடம் உக்காந்திருக்காங்க. பேசாம ஃபேனைப் பாருங்கண்ணா. ஸ்டூல் அங்க இருக்கு.”

“இல்லம்மா, நான்…”

“அப்புறம் பேசலாம், ஏறுங்க!”

ஏறினார்.

“அண்ணா, சுவிட்சை அணைக்கவே இல்ல!”

பதறி இறங்கி, அணைத்துவிட்டு மறுபடி ஏறினார்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். வினுதா கடைசி பெஞ்சுக்குப் போய்க் கைகூப்பினாள்.

“மேடம், இந்த வேலையை நம்பித்தான் இருக்கேன்…”

“ஐயோ அக்கா, நான் ஸ்பூர்த்தி! ‘யார் வேணா வந்து என் வகுப்பைப் பாருங்க’ன்னு குழுவுல எழுதியிருந்தீங்களே? நானும் புதுசுதான். கத்துக்கலாம்னு வந்தேன்.”

வினுதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

டீத் தட்டோடு ஆயா கெம்பம்மா உள்ளே வந்தாள். விசிறியடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“டீச்சரம்மா, அதிகாரி ஐயாவுக்கு டீயை ஸ்டூல் மேலயே குடுத்துடவா?”