மேலே போன டாப்பு

ஜீப்பின் டாப்பு மேலே போய்விட்டது. கீழே வர மறுத்தது. காலை பதினொரு மணிக்கு அது சின்னப் பிரச்சினையாகத்தான் இருந்தது.

கழற்றி மாட்டக்கூடிய கனத்த தகரக் கூரை அது. கார் ஷெட்டின் உத்தரத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. நேர் கீழே ஜீப் மொட்டைத் தலையோடு நின்றது. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

இன்ஸ்பெக்டர் என்றால் போலீஸ் இல்லை, லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட்டைச் சோதித்து, சரியாக இருந்தால் அட்டையில் கையெழுத்துப் போட்டு மாட்டுவார். சந்தேகம் வந்தால் பூட்டுப் போட்டுவிட்டு வந்துவிடுவார். பதினாறு வருடத்தில் அவர் புண்ணியத்தில் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியவர்கள் ஊரில் பாதிப் பேர்.

"எங்க, இறக்குங்க பாப்போம்," என்றாள் மனைவி.

"இறக்கலாம், என்ன அவசரம்? முதல்ல ஏறினதைப் பாரு. எவ்வளவு அழகா ஏறியிருக்கு!"

"ஏறினதை அரை மணி நேரமா பாத்தாச்சு. இறங்குறதைக் காட்டுங்க."

அதில்தான் சிக்கல்.

டாப்பைத் தூக்கக் கடையில் விற்கும் கருவியின் விலையைக் கேட்டதுமே, "இதை நானே பண்ண மாட்டேனா?" என்று திரும்பி வந்தவர் அவர். பழைய இரும்புக்கடையில் படகை இழுத்துக் கரையேற்றும் கை வின்ச் இரண்டு கிடைத்தது. துணி காயப்போடும் கொடியிலிருந்து நாலு கப்பிகளைக் கழற்றினார். நைலான் கயிறு வீட்டிலேயே இருந்தது. டாப்புக்கு முன்பக்கம் ஒரு வின்ச், பின்பக்கம் ஒரு வின்ச். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நிறுத்தியிருப்பார்கள்.

இவர் நிறுத்தவில்லை. இரண்டு வின்ச்சிலும் ஒரு பல்சக்கரம், அதில் விழுந்து பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கொக்கி என்று சொந்தமாகப் பாதுகாப்பு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு பல்லும் ஏறும்போது 'டக்' என்று கொக்கி விழும். கைப்பிடியை விட்டாலும் டாப்பு விழாது. கொக்கியை எடுக்க வேண்டுமானால் டாப்பை ஒரு நூல் மேலே தூக்கி, பாரத்தைத் தளர்த்திவிட்டுத்தான் எடுக்க முடியும். உற்சாகத்தில் இன்ஸ்பெக்டர் கடைசிப் பல்வரை சுற்றிவிட்டார். டாப்பு உத்தரத்தில் முட்டிக்கொண்டது. இனி அரை நூல் தூக்கவும் இடமில்லை.

விவரம் தெரியாதவன் செய்திருந்தால் டாப்பு கீழே விழுந்திருக்கும். லிஃப்ட் இன்ஸ்பெக்டர் செய்ததால் விழவே வழியில்லாமல் போயிற்று. உத்தரத்தில் 'பரிசோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது' என்று அவர் கையெழுத்தோடு ஓர் அட்டை வேறு ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது மனைவியின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவள் முகம் சரியாக இல்லை.

"அம்மா பேசினாங்க. புதன்கிழமை டிக்கெட்டை இன்னிக்கே மாத்திக்கிட்டாங்களாம். ரயில்ல வந்துட்டு இருக்காங்க. நாலு மணிக்கு இங்க இருப்பாங்க."

"அத்தை மட்டுமா?"

"அப்பாவும்தான்."

இன்ஸ்பெக்டர் டாப்பை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

ஜீப் மாமனாருடையது. நில அளவைத் துறையில் காடு மேடெல்லாம் அதில் சுற்றியவர், ஓய்வுபெற்ற பிறகு மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது தோளில் கை போட்டுத் தனியாக ஓரம் கட்டி ஒன்றே ஒன்று சொன்னார்: "என்ன வேணா பண்ணுங்க மாப்பிள்ளை. டாப்புல மட்டும் கை வைக்காதீங்க. வெச்சது தெரிஞ்சா அன்னிக்கே வண்டி என் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்துடணும்."

இன்ஸ்பெக்டருக்கு அந்த ஜீப் என்றால் உயிர். ஆபீஸ் போய்வர அதுதான், துடைப்பது, பளபளப்பேற்றுவது எல்லாம் அவர்தான். ஆனால் மனைவி சும்மா இருக்கவில்லை. "ஒரே ஒரு தடவை, மேல ஒண்ணுமில்லாம, காத்து முகத்துல அடிக்க, ஏரிக்கரை வரைக்கும் போகணும்," என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன வாரம் டாப்பைச் சுரண்டிப் பார்த்தவர், ஆறு இடத்தில் புட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருப்பதைக் கண்டுபிடித்தார். புட்டிக்கு அடியில் போல்ட்டுகள் இருந்தன.

"இது கழறுற சாமானா?" என்று மனைவியே வாயைப் பிளந்தாள்.

"மழைத்தண்ணி இறங்கக் கூடாதுன்னு போல்ட்டுத் தலையெல்லாம் மூடி வெச்சிருக்கார் பாரு! உங்கப்பாவோட அக்கறை யாருக்கு வரும்?" என்று அன்றைக்கு மெய்சிலிர்த்தார் இன்ஸ்பெக்டர். இன்றைக்குச் சிலிர்க்க நேரமில்லை. மணி பன்னிரண்டாகிவிட்டது.

"ஒரு நூல் தூக்க வேணாம். கீழேருந்து தாங்கினாலே போதும், கொக்கி தளர்ந்துடும்," என்றார். "ஜாக்கி எங்க?"

ஜீப்பின் பின்பக்கத்தில் கருவிப்பெட்டியை வைத்து, அதன்மேல் இரண்டு பலகை, அதன்மேல் ஜாக்கி என்று அடுக்கினார். ஏற்றினார். ஜாக்கி டாப்பின் பின்பக்கத்தைத் தாங்கியது. கொக்கி சுலபமாகக் கழன்று வந்தது.

"பாத்தியா!" என்று மனைவி பக்கம் திரும்பினார். திரும்பியிருக்கக் கூடாது. வின்ச்சின் கைப்பிடி கையை விட்டுப் போயிற்று. பலகை சரிந்து, ஜாக்கி உருண்டு, டாப்பின் பின்பக்கம் கடகடவென்று இறங்கி ஜீப்பின்மேல் உட்கார்ந்தது. முன்பக்கம் மட்டும் இன்னும் உத்தரத்திலேயே இருந்தது.

"இப்ப என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"பாதி இறங்கியிருக்கு."

"சறுக்குமரம் மாதிரி இருக்குங்க."

முன்பக்கத்தில் ஜாக்கி வைக்க பானெட்தான் இருந்தது. வைத்தால் பானெட் நசுங்கும். ஆள் வேண்டும், அதுவும் முதுகு அகலமான ஆள். எதிர்வீட்டில் பேக்கரிக்காரர் இருந்தார். இருபது வருடம் மாவு பிசைந்த கை. கூப்பிட்டதும் பனியனோடு வந்தார்.

"எனக்கு மூணரைக்கு அடுப்புல பன்னு போடணும் சார். அதுக்குள்ள ஆளை விட்டுடுவீங்கல்ல?"

"அஞ்சே நிமிஷம் அண்ணே."

ஷெட் குறுகலானது. கப்பிகளுக்கு நேராக ஜீப்பைத் தள்ளி நிறுத்தியதில் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் இரும்பு அலமாரி, பின்னாலும் சுவர். கதவைத் திறந்தால் கைதான் நுழையும். பேக்கரிக்காரர் பானெட்டில் மண்டி போட்டு, கண்ணாடியைத் தாண்டி உள்ளே குதித்தார். முன்சீட்டின்மேல் நின்று தோளைக் கொடுத்து டாப்பை நெம்பினார். கொக்கி கழன்றது.

"மெதுவா இறக்குங்க சார், மெதுவா... தலை இருக்கு!"

இந்த முறை இன்ஸ்பெக்டர் கைப்பிடியை விடவில்லை. ஒவ்வொரு பல்லாக இறக்கினார். பேக்கரிக்காரர் நின்றார், குனிந்தார், உட்கார்ந்தார். டாப்பு கண்ணாடிக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு வந்தபோது 'க்ரீச்' என்று ஒரு சத்தம். கயிறு கப்பியின் பள்ளத்திலிருந்து வெளியே குதித்து, சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே போய் இறுகிக்கொண்டது. துணி காயப்போடும் கப்பிதானே, அது தன் வாழ்நாளில் போர்வைக்கு மேல் கனமானதைப் பார்த்ததில்லை.

டாப்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பேக்கரிக்காரர் உள்ளே இருந்தார். ஒரு சாண் சந்து வழியாக அவர் மூக்கும் மீசையும் மட்டும் தெரிந்தன.

"சார், நான் எப்படி வெளிய வர்றது?"

"வந்துடலாம் அண்ணே."

"அதான் எப்படின்னு கேக்கறேன்."

கையில் ஸ்குரூ டிரைவரோடு ஏணியில் ஏறி இன்ஸ்பெக்டர் கயிற்றை நெம்பினார். நெம்ப நெம்ப அது இன்னும் உள்ளே போயிற்று. மூன்று மணிக்கு பேக்கரிக்காரர் போனில் தன் மனைவியிடம், "பன்னை நீயே போட்டுடு. நான் எங்கயா? ஒரு வண்டிக்குள்ள இருக்கேன். இல்ல, எங்கயும் போகல," என்று விளக்கிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரின் மனைவி சந்து வழியாக அவருக்கு டீ கொடுத்தாள்.

மூன்றே முக்காலுக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"நான் ஹால்ல உக்கார வெச்சுப் பேச்சு கொடுக்கறேன். நீங்க இந்தப் பக்கமே வராதீங்க," என்று மனைவி ஓடினாள்.

ஹாலில் மாமியாரின் குரல் கேட்டது. "அப்பப்பா, ஆட்டோல என்னமா காத்து வருது! நம்ம ஜீப்பும் இருந்துச்சே, அதுக்குள்ள உக்காந்தா வேர்த்து ஊத்தும். கேட்டா, வண்டி அப்படித்தாம்பாரு உங்கப்பா." டம்ளர் சத்தம், சிரிப்பு. இன்ஸ்பெக்டர் ஏணியில் நின்று கயிற்றைச் சத்தமில்லாமல் நெம்பினார். இன்னும் பத்து நிமிடம் கிடைத்தால் போதும்.

பேக்கரிக்காரர் தும்மினார். தகரக் கூரைக்குள் தும்மினால் அது தும்மல் மாதிரி இருக்காது.

"யாரு ஷெட்ல?" என்று மாமனாரின் குரல் நெருங்கி வந்தது.

இன்ஸ்பெக்டர் ஏணியிலிருந்து இறங்கக்கூட மறந்துபோனார். மாமனார் வாசலில் வந்து நின்றார். தொங்கும் டாப்பைப் பார்த்தார். கயிறுகளைப் பார்த்தார். சந்து வழியாக வணக்கம் சொன்ன மீசையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"மாமா, அது வந்து..."

"அவ பாத்தாளா?" என்றார் மாமனார், குரலைத் தாழ்த்தி.

"யாரு மாமா?"

"உங்க அத்தைதான்!"

"இல்ல மாமா. ஹால்ல டீ குடிச்சிட்டு இருக்காங்க."

"நல்லதாப்போச்சு. கதவைச் சாத்துங்க."

அத்தைக்கு ரத்த அழுத்தம், அவர் முன்னால் திட்ட வேண்டாம் என்று மாமா நினைக்கிறார் போலிருக்கிறது, எப்பேர்ப்பட்ட மனிதர் என்று இன்ஸ்பெக்டர் நெகிழ்ந்துபோனார். கதவைச் சாத்திவிட்டு, திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றார்.

திட்டு வரவில்லை. மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள இருக்கிறவரே, முதுகைக் கொடுங்க. நான் இந்தப் பக்கம் பிடிக்கறேன். மாப்பிள்ளை, நீங்க ஏணில ஏறுங்க. பாரம் விட்டதும் கயிறு தானா வரும். சீக்கிரம், சீக்கிரம்!"

அறுபத்தைந்து வயதில் மாமனார் பானெட்டில் ஏறித் தோளைக் கொடுத்தார். உள்ளேயிருந்து பேக்கரிக்காரர் முக்கினார். கயிறு தளர்ந்தது. இன்ஸ்பெக்டர் ஒரே நெம்பில் அதைப் பள்ளத்துக்குள் தள்ளினார். மூன்று பேருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க, டாப்பு 'தொப்' என்று அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"அப்பாடா!" என்றார்கள் மூன்று பேரும்.

"போல்ட்டு எங்க?" என்று மாமனார் தரையில் தேடினார். பொறுக்கி எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தார். "நீளமானது ரெண்டும் பின்னாடி. இந்தக் கட்டை போல்ட்டு நாலும் முன்னாடி. புட்டி இருக்கா?"

"இருக்கு மாமா. ஆனா... வண்டியைத் திருப்பிக் கொடுக்கணும்னு சொல்லியிருந்தீங்களே."

"எனக்கு எதுக்கு வண்டி? நீங்களே வெச்சுக்குங்க. பெயிண்ட் வாங்கக் காசு வேணும்னாலும் தரேன். போல்ட்டுத் தலை தெரியாம வழவழன்னு பூசிடுங்க, அது போதும்."

இன்ஸ்பெக்டருக்கு நம்பவே முடியவில்லை. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் ஒரே நிமிடத்தில் இறங்கிவிட்டது. ஜீப் போகவில்லை. மாமனார் கோபிக்கவில்லை. சந்தோஷத்தில் அவர் கண் கலங்கியது. இப்படி ஒரு மனிதரைப் போய்ப் பார்த்துப் பயந்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"நான் எப்ப வெளிய வர்றது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"பூசி முடிச்சதும்!" என்றார்கள் மாமனாரும் மாப்பிள்ளையும் ஒன்றாக.

மாமனார் புட்டியைக் குழைக்க, இன்ஸ்பெக்டர் முதல் போல்ட்டை வைத்து ஸ்பானரைப் போட்டபோது கதவு திறந்தது. கையில் டீ டம்ளரோடு மாமியார் நின்றார். பின்னால் மகள், தடுத்துப் பார்த்துத் தோற்றவளாக நின்றாள். மாமியார் உத்தரத்துக் கப்பியைப் பார்த்தார், தரையில் பிரித்து வைத்திருந்த ஐந்து போல்ட்டைப் பார்த்தார், கணவரின் விரலில் ஒட்டியிருந்த புட்டியை வெகுநேரம் பார்த்தார். மாமனார் விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அந்தப் போல்ட்டைப் போடாதீங்க மாப்பிள்ளை, டாப்பை மறுபடி மேல ஏத்திட்டு, உள்ள இருக்கிறவரை இறங்கச் சொல்லுங்க, கல்யாணமான புதுசுல திறந்த ஜீப்புல ஒரு ரவுண்டு போலாம்னு நான் கேட்டப்ப, இது வெல்டிங் வெச்ச டாப்பு, கழறவே கழறாதுன்னு சொன்னாரு உங்க மாமா, முப்பத்தாறு வருஷம் கழிச்சு இப்பத்தான் வெல்டிங் விட்டிருக்கு போல!"