மேல்வீட்டு மீன்தொட்டியும் வெள்ளைச்சாமி விரித்த மெத்தையும்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், குளத்தைச் சுற்றி வேலி போட்டு, மேலே வலையும் இழுத்துக் கட்டி, ‘மீன் பிடிக்கத் தடை’ என்று பலகை மாட்டிய காடு, அங்கே ஒரு பழைய மாடிவீடு இருந்தது. மேல்வீட்டில் பெரியகருப்பன் என்ற கரடி குடும்பத்தோடு இருந்தது. கீழ்வீட்டில் வெள்ளைச்சாமி என்ற கொக்கு. தனிக்கட்டை.

வேலி போட்டதிலிருந்து வெள்ளைச்சாமிக்கு நத்தைதான் சாப்பாடு. காலையில் நத்தை, மத்தியானம் நத்தை. ராத்திரி நத்தையை நினைத்தாலே குமட்டும் என்பதால் பட்டினி. சாவதற்குள் ஒரு மீன், ஒரே ஒரு மீன் கிடைக்காதா என்று அதற்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் மேல்வீட்டுக்கு மீன்தொட்டி வந்தது. சும்மா மேசைமேல் வைக்கிற கண்ணாடிக் குண்டு இல்லை ஐயா! கரடி உள்ளே இறங்கிக் கால்நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். கூடவே விளக்கு, குமிழி விடுகிற மோட்டார், மூட்டை மூட்டையாகக் கூழாங்கல். வெள்ளிக்கிழமை கரடியின் மகள் பூங்காவனத்தைப் பெண் பார்க்க மலைக்கரடிகள் வருகின்றன. வாசலில் கால் வைத்ததும் அவர்கள் அசந்துபோக வேண்டும் என்று பெரியகருப்பனுக்கு ஆசை. காலித் தொட்டியை மாடியேற்றுவதற்குள் காட்டெருமைகளுக்கு நுரை தள்ளிவிட்டது. வெள்ளைச்சாமியும் பின்னாலேயே ஏறியது. கை கொடுக்க இல்லை, வேடிக்கை பார்க்க.

மரங்கொத்தி மேஸ்திரி தரையெல்லாம் கொத்திக் கொத்திக் காது வைத்துக் கேட்டது.

"உத்திரம் எல்லாம் கிழக்கு மேற்கா ஓடுது. அதுக்குக் குறுக்கே, சுவரோரமா வைங்க. நாலஞ்சு உத்திரம் சேர்ந்து தாங்கும். நடுக்கூடத்துல வச்சா தாங்காது. தொட்டியை விடத் தண்ணிதான் கனம், சொல்லிட்டேன்."

"சுவரோரமா வச்சா யாருக்குய்யா தெரியும்?" என்றது கரடி. "போன்ல பார்த்தேன். பெரிய வீடுங்கள்ல நடுவுலதான் வைக்கிறாங்க. சுத்தி நின்னு பார்க்கலாம்."

வெள்ளைச்சாமி யோசித்தது. மேல்வீட்டு நடுக்கூடத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது? தன் வீட்டு நடுக்கூடம்! அதற்கு எச்சில் ஊறியது. விழுங்கிக்கொண்டு தொண்டையைச் செருமியது.

"தம்பி, கீழே குடியிருக்கிறவன் நான். எனக்கே பயம் இல்ல, மேஸ்திரிக்கு என்ன வந்துச்சு? நடுவுலயே வையி. மகாலட்சுமி நேரா வந்து உட்காருவா."

அந்த நேரம் பார்த்துச் சுவரிலிருந்த பல்லி ‘ச்ச்ச்ச்’ என்றது. பாவம், அதற்கு முந்தின நாளிலிருந்து அஜீரணம். கரடிக்கு அதெல்லாம் தெரியுமா? நகத்தால் தரையைத் தட்டி, "பார்த்தீங்களா, கெவுளியே சொல்லிருச்சு!" என்றது.

கெவுளி சொன்னபிறகு மேஸ்திரியாவது மண்ணாங்கட்டியாவது! "எக்கேடோ கெட்டுப் போங்க" என்று மரங்கொத்தி பறந்துவிட்டது. தொட்டி நடுக்கூடத்தில் உட்கார்ந்தது. யானை ஜன்னல் வழியாகத் துதிக்கையை நீட்டித் தண்ணீர் நிரப்பியது. உள்ளே விட்ட தங்கமீன்கள் ஒவ்வொன்றும் கத்தரிக்காய் பருமன்.

சாயங்காலமே வெள்ளைச்சாமியின் தலைக்குமேல் பலகை ‘கிரீச்’ என்றது. அதன் காதுக்கு அது நாதஸ்வரம். மல்லாந்து படுத்துப் பார்த்தது. பலகைக்கு லேசாகத் தொப்பை போட்டிருந்தது. அப்பாடா, இன்றைக்கோ நாளைக்கோ விழுந்துவிடும்.

திடீரென்று ஒரு கவலை. விழுந்தால் கண்ணாடி நொறுங்குமே! மீனோடு ஒரு சில்லும் தொண்டைக்குள் போனால்? இத்தனை நாள் நத்தை தின்று உயிரைப் பிடித்தது, கண்ணாடி தின்று சாகவா? வெள்ளைச்சாமி நோகாமல் நொங்கு தின்கிற ஆள். வீட்டிலிருந்த இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, ஜமுக்காளம், தூக்கணாங்குருவியிடம் இரவல் வாங்கிய வைக்கோல், எல்லாவற்றையும் நடுக்கூடத்தில் மலையாகக் குவித்தது. பிறகு மூலையில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டது. அது ஒன்றுதான் அதற்கு நன்றாக வரும்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாப்பிள்ளைக் கரடி, அதன் அப்பா அம்மா, சித்தப்பா பெரியப்பா, ஓசிச் சோற்றுக்கு ஒட்டிக்கொண்டு வந்த ஒன்றுவிட்ட மாமன், எல்லாம் தொட்டியைச் சுற்றி நின்று "அடேங்கப்பா!" என்றன. பலகை அதுவரை பொறுத்தது. மடமடவென்று ஒரு சத்தம். கரடிகள் பின்னால் குதித்தன. தொட்டியைக் காணோம்.

தொம்!

கீழே மெத்தைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது தொட்டி. ஒரு கீறல்கூட இல்லை. கொஞ்சம் தண்ணீர் மட்டும் தெறித்து வெள்ளைச்சாமியின் மூஞ்சியில் அடித்தது. மீன்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வாயைத் திறந்து மூடின.

ஓட்டை வழியாகக் கரடித் தலைகள் எட்டிப் பார்த்தன.

"அண்ணே!" பெரியகருப்பன் ஓட்டை வழியாகவே கும்பிட்டது. "எங்களுக்காக மெத்தை விரிச்சு வச்சுக் காவல் நின்னீங்களா? பெத்த அப்பன்கூட இப்படிச் செய்ய மாட்டானே!"

"அக்கம்பக்கமே இப்படின்னா குடும்பம் எப்படி இருக்கும்! சம்பந்தி, தட்டை மாத்திருவோம்," என்றது மாப்பிள்ளையின் அப்பா.

மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மரங்கொத்தி கீழ்வீட்டுத் தரையைக் கொத்திப் பார்த்தது. "அடியில கெட்டியான மண்ணு. எவ்வளவு கனமும் தாங்கும். இனி யாரும் தொட்டியை அசைக்காதீங்க. இதான் இடம்."

தொட்டி இருக்கிற இடத்தில்தானே கரடி இருக்க முடியும்? "நாங்க கீழே வந்துடுறோம் அண்ணே, நீங்க மேல போயிருங்க. காத்தோட்டமா இருக்கும்," என்றது பெரியகருப்பன். காற்றோட்டத்துக்கு என்ன குறை, கூடத்தின் நடுவிலேயே அவ்வளவு பெரிய ஓட்டை! ‘அடேய், இது என் வீடுடா’ என்று கத்த வெள்ளைச்சாமிக்கு வாய்வரை வந்துவிட்டது. கத்தினால், அப்படியானால் மெத்தை எதற்கு விரித்தாய் என்று கேட்பார்கள். கேட்கப்போவது கரடி. பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறியது.

இப்போது அது ஓட்டையோரம் நிற்கிறது. நேர் கீழே தங்கமீன்கள். கழுத்தை எவ்வளவு நீட்டினாலும் எட்டவில்லை. பறந்து இறங்கவேண்டியதுதானே என்பீர்கள். இறங்கலாம், ஆனால் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி கரடி படுத்திருக்கிறது. காலையில் எழுந்ததும் அது ஒரு டப்பாவை மேலே நீட்டும்.

"அண்ணே, இந்தத் தீனியை அப்படியே மேலேருந்து தூவி விடுங்க. பாவம், பசிக்குமில்ல அதுகளுக்கு."

நீதி: கனமான பொருளை எப்போதும் தரைத்தளத்தில்தான் வைக்க வேண்டும். அது யார் வீட்டுத் தரைத்தளம் என்பதைப் பொருள் விழுந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.