நர்மதாவின் நாற்பத்தோரு அடிகள்

கொரோனா நாட்களில் உலகமே மருந்து தேடிக்கொண்டிருந்தபோது, திருவள்ளூர் மாவட்டம் அதைவிட அரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்தது: ஏழைப் பிள்ளைகள் அசைவதே இல்லை.

கண்டுபிடித்தது 'வளரிளம் பருவத்தினர் அசைவு ஆய்வுக் குழு'. பள்ளிகள் மூடியிருந்த அந்த மாதங்களில், அடி எண்ணும் செயலியை மாணவிகள் போனில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அதிகம் நடந்தவளுக்கு விளையாட்டு விடுதியில் இடம். சாப்பாடும் படிப்பும் இலவசம்.

புதுவாயல் நர்மதாவுக்குப் பதினைந்து வயது. அந்த இடம் கிடைத்தால் பக்கெட் கம்பெனியை விட்டுவிடலாம். பள்ளி மூடிய வாரமே அம்மா கன்னியம்மா அவளை அங்கே சேர்த்துவிட்டிருந்தாள். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை மெஷினிலிருந்து விழும் பக்கெட்டுகளை அடுக்கி லாரிக்குச் சுமக்க வேண்டும். உள்ளே போனுக்கு அனுமதி இல்லை; செக்யூரிட்டி கேட்டிலேயே வாங்கி டப்பாவில் போட்டுவிடுவார். வேன் வீட்டு வாசலில் ஏற்றி கம்பெனி கேட்டில் இறக்கிவிடும். ஆக, வேனுக்கும் டப்பாவுக்கும் இடையில்தான் அறிவியலால் அவளைப் பின்தொடர முடிந்தது. போக வர, நாளொன்றுக்கு நாற்பத்தோரு அடி.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் விசாரணை. குழுத் தலைவர் குப்புராஜ் கனிவோடு தொடங்கினார்.

"இன்னாம்மா, மூணு மாசமும் படுத்துகினே இருந்தியா?"

"இல்ல சார். கம்பெனில பக்கெட் தூக்கினு இருந்தேன். போனுதான் கேட்ல படுத்துகினு இருந்துச்சி."

கன்னியம்மா பின்னாலிருந்து கிள்ளினாள். கம்பெனி ரிஜிஸ்டரில் நர்மதாவுக்குப் பத்தொன்பது வயது.

குப்புராஜ் படிவத்தைப் புரட்டினார். யோகா, நடனம், சைக்கிள், ஷட்டில் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. பக்கெட்டுக்குக் கட்டம் இல்லை.

"சட்டப்படி ஒன் வயசுப் பொண்ணு வேலைக்கே போறதில்லம்மா. போகாத வேலைல நடந்தத நான் எங்க எழுதறது?"

"அப்ப தெனம் தோள்பட்ட நோவுதே, அதுவும் சட்டப்படி நோவலையா சார்?"

கூட்டத்தின் மாண்பைக் காக்க அவளை மியூட் செய்தார்கள்.

முதலிடம் மணவாள நகர் ஸ்நேகாவுக்கு. நாளுக்கு இருபத்திரண்டாயிரம் அடி. ஒரு நாள்கூட ஓயாத கால்கள் என்று குழு மெய்சிலிர்த்தது. அந்தக் கால்கள் நான்கு என்பது நர்மதாவுக்கு மட்டும் தெரிந்தது. திரையில், சோபாவில் சாய்ந்திருந்த ஸ்நேகாவுக்குப் பின்னால் ஓடிய நாயின் கழுத்தில் அடி எண்ணும் வாட்ச் மின்னியது. சொல்லலாமென்றால் மைக் இல்லை. விடுதி இடம் போயிற்று.

குழு அதோடு கைகழுவிவிடவில்லை. சோம்பேறிகள் மீதும் அக்கறை காட்டியது. இத்தகைய பிள்ளைகளின் உடல் வளைய, சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் தாமாக முன்வந்து அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. முதல் ஆளாகச் சம்மதக் கடிதம் அனுப்பியது அந்தப் பக்கெட் கம்பெனி. திங்கட்கிழமை நர்மதா அதே வேனில் போய், அதே பன்னிரண்டு மணி நேரம், அதே பக்கெட்டுகளைச் சுமந்தாள்.

சம்பளம் மட்டும் கிடையாது. இப்போது அது உடற்பயிற்சி.