கீழே போட்டாலும் உடையாது

"நல்லாத்தான் பேசியிருக்கீங்க" என்றார் இணையதளத்தின் ஆசிரியர் அம்மா, தொலைபேசியில். "ஆனா நாலாவது நிமிஷத்துல பின்னாடி ஒருத்தர் கல்லீரல் வீங்கினா என்ன செய்யணும்னு சொல்லிட்டிருக்காரே, அவர் யாரு?"

அஞ்சு ஸ்டார் எட்டிக் கதவைச் சாத்தினான். பக்கத்து அறையில் மாமனாரின் ஸ்பீக்கர் அப்போதும் கல்லீரலை விட்டபாடில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சத்தம் இல்லாத ஒரு பத்து நிமிஷப் பதிவு வரவில்லையென்றால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மா போனை வைத்தார்.

அந்த வேலைக்காக நாலு வருஷம் காத்திருந்தவன் அவன். வீட்டுச் சாமான்களைச் சோதித்து விமர்சனம் போடும் ஓர் இணையதளத்துக்குக் கட்டுரைக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டிருந்தான். இப்போது வாராவாரம் குரலிலேயே விமர்சனம் சொல்ல நிரந்தரமாக ஓர் ஆள் தேவைப்பட்டது. எந்தப் பொருளுக்கும் ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைத்துக் கொடுக்காததால் அலுவலகத்தில் அவனுக்கு அஞ்சு ஸ்டார் என்று பெயர். தாராள மனசு என்று நினைத்துவிட வேண்டாம். அவன் பெட்டியைப் பிரிப்பதே கிடையாது. பெட்டிமேல் அச்சடித்திருப்பதை முன்னே பின்னே மாற்றி எழுதிவிடுவான். பிரிக்காத பெட்டி பிறகு யாராவது உறவுக்காரருக்குப் பரிசாகப் போய்ச் சேரும்.

ஒரு மாதம் தங்கிவிட்டுப் போக வந்திருந்த மாமனாருக்கு அந்த ஒயர் இல்லாத ஸ்பீக்கர் அப்படித்தான் போனது. கொடுத்ததோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "வீட்டுலயே உட்கார்ந்திருக்கீங்களே மாப்பிள்ளை, வேலைன்னா என்ன வேலை?" என்று அவர் கேட்டதும் இவனுக்குச் சுருக்கென்றது. தங்களிடம் வரும் பொருள் எதையும் லேசில் விடுவதில்லை, கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேனாவையே எடுப்பது வழக்கம், இல்லையென்றால் வேலையே போய்விடும் என்று அளந்துவிட்டான். மாமனார் முப்பது வருஷம் சரக்குக் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தவர். எழுந்து நின்று கேட்காத குறைதான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தது. முதலில் செய்தி, பிறகு பாட்டு, அதன்பிறகு உடம்பைப் பேணுவது பற்றி ஒரு டாக்டரின் நீண்ட சொற்பொழிவு. "தேன் போன்ற ஒலி" என்று எழுதியிருந்தவன் இவனேதான். தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியது போல் இருந்தது அந்தத் தேன். மாமனார் மொட்டைமாடிக்குப் போனால் அதுவும் போனது. தினமும் போகிற நடையைக்கூட நிறுத்திவிட்டு, எதிரில் நாற்காலி போட்டு அமர்ந்து, மணிக்கொரு தரம் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். கல்லீரல் குறிப்பாக இருக்கும் என்று இவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

மனைவியிடம் முறையிட்டுப் பார்த்தான்.

"எங்கப்பா கேட்டாரா? நீங்களா கொடுத்தீங்க" என்றாள் அவள். "மட்டமான சாமானைக் கொடுத்துட்டேன், நிறுத்துங்கன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க."

எப்படிச் சொல்வது? அவன் எழுதிய விமர்சனத்தை மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்திருந்தார். ஆனாலும் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போய் நின்றான்.

"மாமா, கொஞ்ச நேரம் ஓய்வு எடுத்துக்கங்களேன்."

"பரவாயில்லை மாப்பிள்ளை" என்றார் அவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "என்னால முடிஞ்சவரைக்கும் பார்க்கிறேன்."

பேச்சுக்கு வழியில்லை என்று தெரிந்துபோயிற்று. அந்தச் சனியனை ஒழித்துக்கட்டுவது என்று முடிவெடுத்தான்.

செவ்வாய்க்கிழமை மாமனார் சாப்பிடப் போன சமயம், அலமாரி உச்சியிலிருந்து ஸ்பீக்கரைக் கைதவற விட்டான். அது ஒரு குட்டிக்கரணம் அடித்து, முன்பக்கத்து வலை கழன்று, முன்னைவிடத் தெளிவாகப் பேசத் தொடங்கியது. மாமனார் எச்சில் கையோடு ஓடிவந்தார்.

"கெட்டுப்போச்சா?"

"இல்லை மாமா."

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். பாவம், பதறிவிட்டார் போலிருக்கிறது என்று இவன் நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமை, அதை ஊறவைத்த துணிகளுக்கு நடுவே வாளியில் அமுக்கி, மேலே ஒரு ஜமுக்காளத்தையும் போட்டுவிட்டு வந்தான். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று பெட்டியில் போட்டிருந்ததைத் தான் எழுதியது அவனுக்கு மறந்தே போயிருந்தது. இரண்டு மணிநேரம் கழித்து வாளிக்குள்ளிருந்து பாட்டு வந்தது. தண்ணீருக்கும் பயப்படாது என்று தெரிந்துகொண்ட மாமனார் அன்றிலிருந்து குளிக்கும்போதும் கொண்டுபோனார். குளியலறைச் சுவர் முழுக்க டைல்ஸ். நாலு பக்கமும் மோதி, ஒரு டாக்டர் நாலு டாக்டராக வெளியே வந்தார்.

ஒலிப்பதிவைக் காருக்குள் உட்கார்ந்து செய்து பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியைப் பின்னால் எடுக்க முக்கால் மணிநேரம் ஆக்கினார், அத்தனை நேரமும் அது பீப் பீப் என்றது. அந்த வெறுப்பில்தான் மூன்றாவது யோசனை வந்தது. வியாழக்கிழமை ஸ்பீக்கரைச் சக்கரத்தின் கீழே வைத்துக் காரை முன்னும் பின்னும் ஏற்றி இறக்கினான்.

இறங்கிப் பார்த்தால் மேல் மூடி நசுங்கியிருந்தது. அணைக்கும் பொத்தான் உள்ளே போய்விட்டது. சத்தத்தைக் குறைக்கும் பொத்தானும் போய்விட்டது, கூட்டும் பொத்தான் மட்டும் பத்திரமாக இருந்தது. பாட்டும் பேச்சும் இருந்த மெமரி கார்டு உள்ளேயே சிக்கிக்கொண்டதில், கல்லீரல் பகுதி மட்டும் முடிவதும் மறுபடி ஆரம்பிப்பதுமாகச் சுற்றியது. மாமனார் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

"கார் ஏறியுமா?" என்றார்.

"தெரியாம ஏறிடுச்சு மாமா, மன்னிச்சுக்கங்க."

"கார் ஏறியுமா ஓடுது?" என்று மறுபடி கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோனார். சார்ஜர் சொருகுகிற இடம் மட்டும் நசுங்காமல் இருந்ததால் அன்றைக்கும் சார்ஜ் ஏறியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். பதிவை அனுப்ப மூன்று மணிநேரம் மிச்சம். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அசந்துவிட்டிருந்தார். அவர் மடியிலிருந்து ஸ்பீக்கரை மெல்ல உருவினான். எங்கேயாவது வைத்துப் பூட்டலாம் என்றால், எழுந்ததும் தேடி வீட்டைத் தலைகீழாக்கிவிடுவார். இனி வாராவாரம் பதிவு வேறு இருக்கிறது. இது ஒரேயடியாகச் செத்தால்தான் பிழைப்பு. சட்டைக்குள் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான். வயிற்றுக்குள்ளிருந்து கல்லீரலைப் பற்றிய பேச்சு வருவதைக் கேட்டு எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

தெருக்கோடியில் ரேடியோ, மிக்ஸி ரிப்பேர் கடை. உள்ளே ஒருவர் மட்டுமே உட்காரலாம், அந்த ஒருவர் கடைக்காரர். பழுது பார்த்துக்கொண்டிருந்த விளக்கை ஓரமாக வைத்துவிட்டு, நீட்டிய ஸ்பீக்கரை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

அஞ்சு ஸ்டார் சுற்றிவளைக்கவில்லை.

"இதைச் சரிபண்ண வேண்டாங்க. மொத்தமாக் கெடுத்துக் கொடுத்துடுங்க, மறுபடி வாயே திறக்கக் கூடாது. வீட்டுல பெரியவர் விடமாட்டேங்கிறார், என் வேலையே இதுல தொங்கிட்டிருக்கு."

கடைக்காரர் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. திருப்புளியைத் தேடி எடுத்துக்கொண்டே சொன்னார்.

"நேத்து சாயங்காலம் கடையைப் பூட்டினப்புறம் ஒரு பெரியவர் இதையே கொண்டுவந்து, காது வலி உயிர் போகுது, ஆனா இது கெடுறவரைக்கும் நான் ஓட்டி முடிக்கலேன்னா எங்க மாப்பிள்ளைக்கு வேலை போயிடும், எப்படியாவது கெடுத்துக் கொடுப்பான்னு கையெடுத்துக் கும்பிட்டாருங்க."