மிளகு நடத்திய விசாரணை

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கும், அங்கே சபையையும் வீட்டையும் ஒரே குரலில் நடத்திக்கொண்டிருக்கும் அத்தானுக்கும், தம்பி தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. நானும் மிளகும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம். உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் தொண்டைக் கட்டும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பரீட்சை முடிந்ததும் நீங்கள் வந்து மிளகை அழைத்துக்கொண்டு போய் உங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். பெற்ற பிள்ளையை அனுப்ப மனம் வருமா என்று கேட்பீர்கள். முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

அவள் அம்மா படுக்கையில் கிடந்தபோது சபையார் சங்கிலி ஜெபம் ஏற்பாடு செய்திருந்தார்கள் அல்லவா? ஒருவர் எழுந்திருக்க அடுத்தவர் முழங்கால்படியிட, இடைவெளியே விடாமல், ஆராதனைக் கூடத்துக்குப் பக்கத்து அறையில். பிள்ளைகளுக்கும் மத்தியானத்தில் ஆளுக்கொரு முறை கொடுத்திருந்தார்கள். ஆனாலும் மிளகின் அம்மா போய்விட்டாள். அதன் பிறகும் நான் மிளகை ஒரு வாரமும் தவறாமல் ஞாயிறு பள்ளிக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். வீட்டில் ஜெபம், வசனம், மனப்பாடம் எல்லாம் அவள் அம்மாவின் இலாகா, என் இலாகா லிஃப்ட். மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பேன், கம்பிக்கயிறு தேய்ந்தால் மாற்றுவேன், பிள்ளையின் ஆத்துமாவைச் சபை பார்த்துக்கொள்ளும் என்றிருந்தேன். போன மாதம் ஞாயிறு பள்ளி டீச்சர், மற்ற நாட்களில் மருந்துக்கடையில் நிற்கிற பெண், நல்ல பெண்தான், ஒரு பாடம் நடத்தினார். விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் கேட்டதில் எங்கேயோ குறை. மற்றப் பிள்ளைகள் படத்துக்கு வர்ணம் தீட்டிவிட்டு மறந்துபோனார்கள். நம்முடையவள் அடுத்த வாரத்திலிருந்து விசாரணையைத் தொடங்கிவிட்டாள். அம்மாவுக்காகக் கேட்டவர்களில் குறை வைத்தது யார்?

முதலில் மாட்டியவர் பாடகர் குழுத் தலைவர். “மாமா, எங்கம்மாவுக்காக ஜெபம் பண்ணினீங்கல்ல?” என்றாள். “கண்ணீரோட பண்ணினேம்மா” என்றார். “பொழைச்சிடுவாங்கன்னு நெஜமா நெனச்சுப் பண்ணினீங்களா, சும்மாவா?” என்றாள். அன்று அவர் எடுத்த பாட்டு எந்த ராகத்தில் போய் முடிந்தது என்று அவருக்கே தெரியாது. அடுத்தவர் சபை மூப்பர். அவர் வாயைத் திறக்குமுன் பக்கத்திலிருந்த அவர் மனைவி, “இவரு எங்க போனாரு, கால் குடையுதுன்னு வீட்டுலயே படுத்துக்கிட்டாரு” என்று போட்டுக்கொடுத்துவிட, “படுத்துக்கிட்டே பண்ணினேன்” என்று அவர் சொல்ல, அன்றிலிருந்து இருவரும் ஆராதனைக்கு வேறு வேறு ஆட்டோவில் வருகிறார்கள். தையல் கடைக்கார அம்மா மட்டும் சமாளித்துப் பார்த்தார். “எல்லாம் கர்த்தருடைய சித்தம், கண்ணு” என்றார். “அப்ப முன்னாடியே முடிவு பண்ணிட்டாரா? பின்ன எதுக்கு எங்களை முழங்கால்ல நிக்க வெச்சீங்க?” என்றாள் இவள். அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

பிறகு என்ன, சபைக் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. பாஸ்டர் சாந்தமாகத்தான் ஆரம்பித்தார். “வீட்டுல பிள்ளைக்கு தேவ காரியங்களைச் சொல்லிக் குடுக்கறதில்லையா தம்பி?” என்றார். “அதுக்குத்தானே பாஸ்டர் இங்க அனுப்பறேன்” என்றேன். “எங்ககிட்ட வாரத்துல ஒரு மணி நேரம்தான் இருக்கா. மிச்ச நேரமெல்லாம் உங்ககூடத்தானே?” என்றார். “என்கூட இருந்தா லிஃப்ட் ரிப்பேர்தான் கத்துக்குவா” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பெற்றோர் அஸ்திவாரம் போட வேண்டும், அதன்மேல்தான் சபை கட்ட முடியும் என்றார் ஒருவர். அஸ்திவாரம் போடத்தான் சபை, பெற்றோர் வெள்ளையடித்தால் போதும் என்றார் இன்னொருவர். கடைசியில் பிள்ளைகளின் கிறிஸ்தவக் கல்வி பெற்றோர், சபை இரு தரப்பாருக்கும் பொதுவான பொறுப்பு என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். பொதுவான பொறுப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், அக்கா. அடுக்குமாடிகளில் பொதுவான மாடிப்படியை ஒருவரும் பெருக்குவதில்லை.

ரோஷம் வந்து வீட்டில் குடும்ப ஜெபம் ஆரம்பித்தேன். வேதத்தைத் திறந்த இடத்தில் வம்ச வரலாறு வந்தது, அவனுக்கு இவன் பிறந்தான் என்று மூச்சு முட்ட வாசித்து முடித்தேன். “இவங்க எல்லாரும் செத்துட்டாங்களாப்பா?” என்றாள். ஆமாம் என்றேன். “இவங்களுக்காகவும் யாராவது ஜெபம் பண்ணியிருப்பாங்கல்ல?” என்றாள். புத்தகத்தை மூடினேன். மறுநாள் என் சொந்த வார்த்தையில் ஜெபித்தேன். பாதியில் வார்த்தை தீர்ந்துபோய், லிஃப்ட் நின்றால் உள்ளே இருப்பவர்களிடம் சொல்லிப் பழகிய வாக்கியம் வாயில் வந்துவிட்டது. “தடங்கலுக்கு வருந்துகிறோம், விரைவில் சரிசெய்யப்படும், ஆமென்” என்று முடித்தேன்.

இதுவரை எழுதியதற்கு நீங்கள் சிரித்திருந்தால் பரவாயில்லை, நானும் சிரித்தேன். போன ஞாயிறு டீச்சர், தன் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று பிள்ளைகளை ஒவ்வொருவராக ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார். மிளகின் முறை வந்ததும் எழுந்து வெளியே ஓடிவிட்டாள். நானும் டீச்சரும் தேடிப் போனால், வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு பைக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருக்கிறாள். நெடுநேரம் கெஞ்சின பிறகுதான் கையை எடுத்தாள்.

“நான் ஜெபம் பண்ணினா அவரு செத்துருவாருப்பா.”

“யாரும்மா அப்படிச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நான் எல்லாரையும் கேட்டுப் பாத்துட்டேன். எல்லாரும் பண்ணியிருக்காங்க. மூப்பர் தாத்தாகூட படுத்துக்கிட்டே பண்ணியிருக்காரு. எம் முறையில நாந்தான் தூங்கிட்டேன். சங்கிலி எங்கிட்டதான் அறுந்துச்சு.”

அக்கா, கயிறு அறுந்த லிஃப்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கேகூட முதலில் எதைப் பிடிக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. “அப்படியெல்லாம் இல்லடா” என்றேன். “பின்ன எப்படி?” என்றாள். நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் அழுதுகொண்டிருந்தார். “பாடப் புத்தகத்துல இருந்ததைத்தான் சார் சொன்னேன். எங்கப்பாவுக்கு என்ன ஆகும்னே எனக்குத் தெரியல, இவளுக்கு நான் என்னத்தச் சொல்ல?” என்றார்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். நான் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று, எனக்காகத் தவறிக்கூட ஒரு ஜெபம் வாயிலிருந்து வந்துவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். இரத்தம் கட்டியிருக்கிறது. என்னால் முடியவில்லை, அக்கா. சபையாலும் முடியவில்லை. உங்கள் வீட்டில் காலையும் மாலையும் ஜெபம், அத்தான் வேதம் கரைத்துக் குடித்தவர். எப்படியாவது அவளை அங்கே கொண்டுபோய்ச் சரிசெய்யுங்கள்.

உங்கள் இருவரையும் கர்த்தர் எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், அத்தானின் சபையாருக்கு என் வாழ்த்துகள்.

கையாலாகாத உங்கள் தம்பி

பின்குறிப்பு: வர வேண்டாம். உறைக்குப் பசை தேடப் போன நேரத்தில் மிளகு இதைப் படித்துவிட்டாள். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “அம்மா ஏன் செத்தாங்கன்னு அத்தைக்குத் தெரியுமாப்பா?” என்றாள். தெரியாதென்றுதான் நினைக்கிறேன் என்றேன். “மாமாவுக்கு?” என்றாள். “தெரியும்னு சொல்வாரு” என்றேன். “உங்களுக்கு?” என்றாள். “எனக்கும் தெரியாது. ஆனா நீ தூங்கினதாலன்னு மட்டும் இல்ல. நீ அங்க தூங்கி விழுந்துட்டேன்னு தையல்கார அம்மா வந்து சொன்னதும் உங்கம்மா சிரிச்சுட்டாங்க. அந்த மாசம் முழுக்க அவங்க சிரிச்சது அன்னைக்கு ஒரு தடவைதான்” என்றேன். நடந்தது அதுதான், இத்தனை நாள் ஏன் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று தெரியவில்லை. “சத்தமாவா?” என்று கேட்டாள். “இருமல் வர்ற அளவுக்கு” என்றேன். உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, “நான் அத்தை வீட்டுக்குப் போகல. பதில் தெரியாதவங்க வீட்டுலதான் இருக்கணும்னா இங்கயே இருந்துக்கறேன்” என்றாள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். அத்தானிடம் வாசித்துக் காட்ட வேண்டாம், விளக்கம் சொல்லக் கிளம்பி வந்துவிடுவார். டீச்சருடைய அப்பா இன்னும் கண் விழிக்கவில்லை. சாயங்காலம் டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வருகிறார், மூன்று பேரும் சேர்ந்து உட்காரப்போகிறோம். ஜெபம் நான்தான் பண்ண வேண்டுமாம், மிளகு பக்கத்தில் இருப்பாளாம், வாயைத் திறக்க மாட்டாளாம். கடைசியில் ஆமென் மட்டுமாவது சொல்லுவாயா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.