கஞ்சி போட்ட பலூன்

நான் ஒரு பலூனைக்கூடப் பறக்கவிடத் தெரியாத அறிவியல் டீச்சர். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்வார்கள், கூடவே நாலு பொய்யும் சேர்த்து. மறுத்து மறுத்து எனக்கும் அலுத்துவிட்டது.

அப்போது அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் எனக்குத் தற்காலிக வேலை. கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"எதையாச்சும் செஞ்சு காட்டுங்க டீச்சர். அவுக மெச்சிக்கிட்டா ஜூன்ல உங்களை நிரந்தரமாக்கிருவோம். இல்லைன்னா..." என்று நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கருவேலங்காட்டைப் பார்த்தார். (அங்கே பார்க்க வேறொன்றும் கிடையாது.)

சூடான காற்று மேலே போகும் என்ற பாடத்தை எட்டாம் வகுப்பில் நடத்தியிருந்தேன். பிள்ளைகள் குழுக்குழுவாகப் பட்டத்தாளில் பலூன் ஒட்ட வேண்டும். கரி அடுப்பின் மேல் தகரக் குழாயை நிறுத்தி, அந்தச் சூட்டில் பறக்கவிட வேண்டும். பறந்ததை அவர்களே மதிப்பிட்டு எழுத வேண்டும். இதோடு நிறுத்தியிருக்கலாம். அதிகாரிக்காக ஆளுயரத்தில் நானும் ஒன்று செய்தேன்.

நாங்கள் தறிக்காரர்கள். தறியில் ஏற்றும் பாவுநூலுக்குக் கஞ்சி போட்டால் இழை உறுதியாகும் என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள் நான். தாளுக்கும் போட்டால் ஓட்டையெல்லாம் அடைபட்டுச் சூடு வெளியேறாது என்று தோன்றியது. இரண்டு தடவை போட்டேன். காய்ந்ததும் பலூன் யாரும் பிடிக்காமலே நின்றது. அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இது பறக்கவிடவாம்மா, குடியிருக்கவா?" என்றார். (அவர் சொன்னது தெலுங்கில், எங்கள் வீட்டுப் பேச்சு அதுதான். தமிழில் எழுதும்போது வலி கொஞ்சம் குறைகிறது.)

காலை ஒத்திகையில் பிள்ளைகளின் பலூன்கள் வேப்பமரத்தைத் தாண்டிப் போயின. என்னுடையதற்கு ஒத்திகை தேவையில்லை என்று நினைத்தேன். எட்டு மணிக்கு வரவேண்டிய அதிகாரி மதியம் ஒன்றரைக்கு வந்தார். ஏப்ரல் வெயில், மைதானத்தில் கால் வைக்க முடியவில்லை.

"இந்த வெயில்ல சரிப்படுமா டீச்சர்?" என்று தலைமையாசிரியர் கிசுகிசுத்தார்.

"வெயிலு நல்லதுதான் சார். காத்து ஏற்கெனவே சூடாத்தான இருக்கு. பாதி வேலை முடிஞ்சிருச்சு," என்றேன், அதிகாரி காதில் விழும்படியாக.

மரத்தடியில் உட்கார்ந்திருந்த மாணவி முத்துமாரி எழுந்தாள். "மிஸ், வெளிய இருக்குற காத்தைவிட உள்ள இருக்குறது நல்லாச் சூடா இருந்தாத்தான் மேல போகும்னு நீங்கதான சொன்னீக. வெளியவும் கொதிச்சா எப்படிப் போகும்?"

"உக்காரு," என்றேன். அன்று நான் கொடுத்த அறிவியல் விளக்கம் அது ஒன்றுதான்.

பிள்ளைகளின் பலூன்கள் தலை உயரத்துக்கு எழும்பி, களைத்து இறங்கின. என்னுடையதற்கு அந்த எண்ணமே இல்லை. கால் மணி நேரம் அடுப்பை விசிறினேன். அப்பளம் சுடுகிற வாசனை வந்ததுதான் மிச்சம். ஜூன் மாதம் கைவிட்டுப் போவது தெரிந்தது. பலூனை இறக்கி ஓரமாக வைத்தேன். கஞ்சி வாசனை பிடித்து வேலி தாண்டி வந்த வெள்ளாடு ஒன்று, எல்லோரும் பார்க்கப் பார்க்க, அதை அடியிலிருந்து தின்னத் தொடங்கியது. விரட்ட எனக்குத் தெம்பில்லை.

அதிகாரி மதிப்பீட்டுத் தாள்களை வாங்கிப் புரட்டினார். முத்துமாரியின் தாளை மட்டும் உரக்கப் படித்தார்.

"மிஸ் செய்த பலூன். எழுந்த உயரம்: இல்லை. மிதந்த நேரம்: இல்லை. இறங்கிய இடம்: ஆட்டு வயிறு. காரணம்: கஞ்சியால் கனம், வெளியிலும் சூடு. சொன்னேன், மிஸ் கேட்கவில்லை."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "காரணத்தைச் சரியா எழுதியிருக்கு. இந்தப் பிள்ளைக்கு அறிவியல் எடுக்குறது யாரு?" என்றார்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். கரி படிந்த கையை மெதுவாகத் தூக்கினேன்.

ஜூனில் வேலை நிரந்தரமானது. (ஆட்டுக்கு இரண்டு நாள் வயிறு உப்பியிருந்ததாம். அதற்கும் ஆட்டுக்காரர் என்னைத்தான் தேடி வந்தார்.) முத்துமாரியின் அந்தத் தாளை ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேனே, அதுதான் நான் செய்த பெரிய தப்பு. இன்றைக்கும் மாவு புளித்தாலும், நான் பஸ்ஸைத் தவறவிட்டாலும், என் வீட்டுக்காரர் "காரணம்?" என்று பொதுவாகக் கேட்பார். அப்போது பிறந்தேயிராத என் மகள் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் பதில் சொல்வாள்.

"மிஸ் கேட்கவில்லை."