ஏழாவது ஆணி

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மனைவியின் ஒரே தம்பி இரு கை கூப்பி எழுதிக்கொள்ளும் கடிதம்.

இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அங்கே அக்கா சௌக்கியம் என்று அவளே போனில் சொன்னாள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அவரிடமே கேள் என்று போனை உங்களிடம் நீட்டினாளாம். நீங்கள் அதை வாங்கி அணைத்துவிட்டீர்களாம். கைகால் நன்றாக வேலை செய்கின்றன என்று தெரிந்து மகிழ்ச்சி அடைந்தேன்.

நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. வேறு வழி இல்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். வீட்டுக்கு வந்தால் கதவைத் திறப்பதில்லை. பூட்டு ரிப்பேர் செய்கிறவனுக்குக் கதவைத் திறக்காமல் இருப்பதில் பெரிய பயன் ஒன்றும் இல்லை என்றாலும், மரியாதைக்காக நான் வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். முந்தாநாள் நிறுத்தத்தில் நின்று, நீங்கள் ஓட்டிவந்த ஒன்பதாம் நம்பர் பஸ்ஸுக்குக் கை காட்டினேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நானும் உங்களைப் பார்த்தேன், பஸ் நிற்காமல் போய்விட்டது. கோபம் என் மேல்தானே அத்தான், அங்கே இன்னும் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒரு அம்மா பல் பிடுங்கப் போகிறவர். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அடுத்த பஸ் வரும்வரை என்னைத் திட்டினார். வாயைத் திறக்க முடியாதவர் அவ்வளவு திட்டியது எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

இது மன்னிப்புக் கடிதம். இதில் உங்கள் சிவப்புக் கால்பந்து அணியைப் பற்றி ஒரு வார்த்தை கிண்டலாக எழுதக் கூடாது என்று உங்கள் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, என் பின்னால் நின்றுகொண்டு வரிக்கு வரி படிக்கிறாள். எழுதவும் மாட்டேன். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதினால் அது கிண்டல் மாதிரி இருப்பதற்கு நான் பொறுப்பாக முடியாது.

நடந்தது என்னவென்று முதலிலிருந்து வருகிறேன். உங்கள் கிளப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒரு பயிற்சியாளர், தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து பூட்டை முதலில் மாற்றுவது, நீக்கும் கடிதத்தை அப்புறம் கொடுப்பது என்று உங்கள் தலைவர் சட்டம் போட்டுவிட்டார். இந்த வட்டாரத்தில் பூட்டு மாற்றுகிறவன் நான் ஒருவன்தான். நான் பிறந்ததிலிருந்து நீல அணி என்பது அவர்களுக்குத் தெரியும், ஆனாலும் கூப்பிட்டார்கள். அடுத்த ஊரிலிருந்து ஆளைக் கூப்பிட வேண்டும் என்றால் அதற்கு ஒரு கூட்டம் போட வேண்டும், அவர்கள் கூட்டம் போட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். போன வருஷம் ஏன் தோற்றோம் என்று ஆராயப் போட்ட கூட்டம் முடியாமல் நீண்டு, அடுத்த ஆட்டத்துக்குப் போக வேண்டிய பஸ்ஸைத் தவறவிட்டார்கள். ஆகவே மூன்று வருஷத்தில் ஆறு பூட்டு மாற்றினேன். ஒவ்வொரு பயிற்சியாளரும் போகப்போகிற செய்தி அவருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். நான் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை, இது சத்தியம். கழற்றிய பழைய பூட்டைக் கடைச் சுவரில் ஒரு ஆணி அடித்துத் தொங்கவிடுவேன், அவ்வளவுதான். எதிர்க் கடை சலூன்காரர் கண்ணாடியில் அதைப் பார்த்து, முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சொல்வார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

தலைவர் நல்ல மனிதர். அவர் கடையில் வாங்கிய மெத்தையில்தான் நாங்கள் பதினாறு வருஷமாகத் தூங்குகிறோம், ஒரு குறை கிடையாது. மெத்தையோடு நின்றிருக்கலாம். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தன் மருமகனிடம் கொடுத்தார். அவர் வீடியோ பார்த்து ஒரு கோல்கீப்பரைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்த பிறகுதான் வீடியோவில் பாய்ந்து பாய்ந்து பிடித்தவர் வந்தவருடைய அண்ணன் என்று தெரிந்தது. அண்ணனைக் கேட்டதற்கு, அவன் நல்ல பையன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அடுத்து ஒன்பதாம் நம்பர் சட்டையைத் தருவதாக இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரையும் ஒரே ஆட்டத்தில் இறக்கினார்கள். நடுவர் ஒருவரை வெளியே போகச் சொன்னார். எந்த ஒன்பது போவது என்பதில் அவர்களுக்குள் தகராறு வந்து இரண்டு பேரும் போய்விட்டார்கள். இந்த இடத்தில் உங்கள் தங்கச்சி என் தோளில் கிள்ளிவிட்டாள். நிறுத்திக்கொள்கிறேன்.

ஏழாவது பயிற்சியாளராக வந்தவர்தான் நம் விசில். நடக்கும்போதும் சாப்பிடும்போதும் கழுத்தில் விசில் தொங்குவதால் அந்தப் பெயர். வந்ததும் மருமகனை மைதானத்துப் பக்கமே விடவில்லை. கோல்கீப்பரைப் பின்வரிசை ஆட்டக்காரராக மாற்றினார், அவன் அங்கே பிரமாதமாக ஆடினான். நான்கு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தீர்கள். கடைசி இடத்திலிருந்து மேலே வர ஆரம்பித்தீர்கள். நீங்கள் சீருடைக்கு உள்ளே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஓட்டியதையும், நிறுத்தத்துக்கு நிறுத்தம் தெரியாதவர்களிடமெல்லாம் பேசியதையும் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த எரிச்சலில்தான், விசில் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே, ஏழாவது ஆணியை முன்கூட்டியே அடித்துவைத்தேன். கடைக்கு வந்த நீங்கள் ஆறு பூட்டையும் பார்த்தீர்கள், காலி ஆணியையும் பார்த்தீர்கள், திரும்பிப் போனீர்கள். அது தப்பு அத்தான். ஜெயித்துக்கொண்டிருந்தவருக்காக என் சுவரில் நான் ஆணி அடித்திருக்கக் கூடாது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை உங்கள் கிளப் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கோச் அறைப் பூட்டை மாற்ற வேண்டும், சீக்கிரம் வாருங்கள் என்றார் கிளார்க். நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. போனேன், மாற்றினேன், பழைய பூட்டைக் கொண்டுவந்து ஏழாவது ஆணியில் மாட்டினேன். சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். பாதி முடி வெட்டிய தலையோடு ஒருவர் தெருவில் ஓடினார். ஒரு மணி நேரத்தில் நீலச் சட்டைக்காரர்கள் இருபது பேர் சேர்ந்து, பேக்கரியில் கேக் வாங்கிக்கொண்டு, உங்கள் மைதான வாசலில் போய் நின்றோம். பயிற்சி முடிந்து வெளியே வந்த விசிலுக்குக் கை தட்டினோம். நாலு ஆட்டம் ஜெயித்ததற்கு நன்றி சொன்னோம். அடுத்து எந்த ஊர் சார் என்று சலூன்காரர் கேட்டார். கேக்கை அவர் கையில் கொடுத்தது நான்தான். மனிதர் ஒன்றும் புரியாமல் தன் அறைக்குப் போய்ச் சாவியைப் போட்டிருக்கிறார், திறக்கவில்லை. அவ்வளவுதான், விசிலைக் கழற்றிக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, கேக்கோடு மதிய ரயிலில் ஊருக்குப் போய்விட்டார்.

விஷயம் என்னவென்றால், அவரை யாரும் நீக்கவே இல்லை. கூட்டிப் பெருக்கும் அம்மா திறக்கும்போது சாவி பூட்டுக்குள் உடைந்துவிட்டது. அதற்காகத்தான் பூட்டை மாற்றச் சொன்னார்கள். புதுச் சாவியைக் கவரில் போட்டு, மேலே அவர் பெயரையும் எழுதித் தன் மேஜையில் வைத்துவிட்டு, கிளார்க் சாப்பிடப் போயிருந்தார். பூட்டைக் கழற்றும்போது உள்ளே உடைந்த சாவி இருந்ததை நான் பார்த்தேன். முப்பது வருஷத் தொழில், உடைந்த சாவி என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. சந்தோஷத்தில் புத்திக்கு உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் நீங்கள் கடைக்கு வந்தீர்கள். கத்துவீர்கள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தோத்தப்ப எல்லாம் உன்கூட உக்காந்து நானும் சிரிச்சேன்டா. இப்பத்தான் ஜெயிக்க ஆரம்பிச்சோம். அது உனக்குப் பொறுக்கல இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை நீங்கள் ஐந்து கோல் வாங்கித் தோற்றீர்கள். தலைவர் காலி பெஞ்சைப் பார்த்து, விசில் இன்றைக்கு ரொம்ப அமைதியாக இருக்கிறாரே என்று பாராட்டினாராம். சலூனில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் எங்கள் நீல அணி மூன்று கோல் போட்டது. முதல் கோல் விழுந்ததும் வழக்கம்போல வலது பக்கம் திரும்பினேன். டிவி ஓடும்போதும் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னும் கோல் உறுதியாகவில்லை என்று சொல்ல அங்கே நீங்கள் இல்லை. இருபத்தொரு வருஷமாக நீங்கள் உட்கார்ந்து பள்ளம் விழுந்த நாற்காலி மட்டும் இருந்தது. மற்ற இரண்டு கோலும் போட்டது யார் என்று எனக்குத் தெரியாது.

ஆகவே திங்கட்கிழமை கடையை மூடிவிட்டு, அலுவலகத்திலிருந்து அந்தச் சாவியையும் விசிலையும் வாங்கிக்கொண்டு, மூன்று பஸ் மாறி அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் சாவியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேக் நல்லா இருந்துச்சு" என்றார். புதன்கிழமை வேலைக்கு வந்துவிட்டார். அவர் ராஜினாமா செய்ததாகவும் காகிதம் இல்லை, அவர்கள் நீக்கியதாகவும் காகிதம் இல்லை. எட்டு நாள் விடுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். உங்கள் நிர்வாகத்தின் லட்சணம் ஒரு தடவையாவது உங்களுக்கு உதவியது. கிள்ளிவிட்டாள்.

கடைச் சுவரில் இருந்த ஏழு பூட்டையும் இறக்கிச் சாக்கில் போட்டுவிட்டேன். ஏழு ஆணியையும் பிடுங்கிவிட்டேன். ஓட்டைகளுக்குச் சுண்ணாம்பு பூசியாகிவிட்டது. இனி உங்கள் கிளப்பைப் பற்றிச் சுவரும் பேசாது, நானும் பேச மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சிவப்பும் நீலமும் மோதுகிற ஆட்டம். இருபத்தொரு வருஷத்தில் அந்த ஆட்டத்தை நாம் தனித்தனியாகப் பார்த்ததே இல்லை. நீங்கள் வராவிட்டால் நான் டிவியைப் போட மாட்டேன். எங்கள் அணி ஜெயித்தாலும் எனக்கு வேண்டாம். தயவுசெய்து வாருங்கள் அத்தான்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் ரேடியோவுக்குப் புது பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். வயதில் சின்னவன், காலில் விழுந்ததாக வைத்துக்கொண்டு, மனதார ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லிவிடுங்கள்.

என்றும் உங்கள் அன்பை விரும்பும்,
பூட்டுக்கடை மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை நேற்றே மடித்துக் கவரில் போட்டுவிட்டேன். இன்று காலை ஒரு போன் வந்ததால் பிரித்து இதைச் சேர்க்கிறேன். கோச் அறைப் பூட்டை மாற்ற வேண்டுமாம். சாவி உடைந்துவிட்டதா என்று இந்தத் தடவை மூன்று முறை கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, அவர் வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றார்கள். கூப்பிட்டது உங்கள் கிளப் இல்லை அத்தான், எங்கள் நீல கிளப். பயிற்சியாளருக்கே இன்னும் தெரியாது. சலூன்காரருக்கும் சொல்லவில்லை, உங்கள் தங்கச்சிக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். போய் மாற்றிவிட்டு வந்தேன், பழைய பூட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் முன்னதாகவே கடைக்கு வந்துவிடுங்கள். ஆணியும் சுத்தியலும் எடுத்து வைத்திருக்கிறேன். சுவரில் எந்த இடம் என்பதை நீங்களே பார்த்து அடியுங்கள்.